வெயில் மாதங்களில் இரவுச் சாப்பாடு: கொழும்புக் குசினிக்கு ஒரு இரண்டு கிழமைச் சுற்று

மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரை கொழும்பில் ஆகப் புழுங்குகிற நேரம் எது என்று கேட்டால் பலரும் மத்தியானம் என்பார்கள். குசினியில் நிற்கிறவரைக் கேட்டால் பின்னேரம் 6.30க்கும் 8.30க்கும் இடையில் என்பார். பகலில் கடற்காற்று இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் அது காலி வீதி வரைக்கும் ஏறி வரும். பொழுது பட்டதும் விழுந்துவிடும். தரைப்பக்கத்திலிருந்து காற்று எழும்ப இரவு வெகுநேரம் செல்லும். இடையில் ஓர் இலைகூட அசையாது. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் சுவரும் அந்த நேரத்தில்தான் சூட்டைக் கக்கும். வேலையால் வந்து, பிள்ளையை டியூசனால் கூட்டிவந்து, நாங்கள் அடுப்பை மூட்டுவதும் அதே நேரத்தில்தான்.

அதனால் இந்த மாதங்களுக்கு இரவுச் சாப்பாட்டைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் அடுப்பு எரியும் நேரத்தைத் திட்டமிட வேண்டும். என்ன கறி என்பது அதற்குப் பிறகு. பின்னேரம் 6 மணிக்குப் பிறகு அடுப்பு மொத்தமாக 20 நிமிடத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒரு எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் நிற்கிற சாப்பாடு மட்டும் சுற்றில் இருக்கட்டும். மற்றதெல்லாம் விடியக்காலை 5.30க்கும் 7க்கும் இடையில், சன்னலால் இன்னும் குளிர்ந்த காற்று வருகிற நேரத்தில் முடிந்துவிட வேண்டும்.

அடி மாறாது, துணை மாறும்

தினமும் புதிதாக யோசிக்கிற திட்டம் இரண்டாம் கிழமையில் உடைந்துவிடும். 14 நாளுக்கு 14 சாப்பாடு என்று எழுதி பிரிட்ஜில் ஒட்டினாலும், நான்காம் நாள் ஒருவர் பிந்தி வந்தால் முழு வரிசையும் தள்ளிப்போகும். நின்று பிடிப்பது வேறொரு முறை. கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அடிச்சாப்பாட்டை நிரந்தரமாக வைத்துவிடுவது. இடியப்பம், புட்டு, சோறு, ரொட்டி, தோசை, பாண், கடைசியில் ஒரு திறந்த நாள். அவற்றுக்குத் துணையாக வருவதை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சுழற்றுவது. அடி மாறாவிட்டால் மா வறுப்பது, உளுந்து ஊறப்போடுவது, மீன் வாங்குவது எல்லாம் கிழமை நாளோடு ஒட்டிக்கொள்ளும். யாரும் யோசிக்கத் தேவையில்லை. பிள்ளைகளும் "இண்டைக்கு என்ன?" என்று கேட்பதை விட்டுவிடுவார்கள்.

துணைக்கும் ஒரு அளவு வேண்டும். ஒரு நீர்ச் சாமான், ஒரு பச்சைச் சாமான், அவ்வளவுதான். சொதி, பருப்பு, குழம்பு என்பவற்றில் ஒன்று. சம்பல், வறை, தயிர்ப் பச்சடி என்பவற்றில் ஒன்று. மத்தியானச் சோற்றுக்கு நான்கு கறி வைத்துப் பழகிய வீடுகளுக்கு இது முதலில் குறைவாகத் தெரியும். புழுக்கத்தில் வயிறு கேட்பதும் அவ்வளவுதான் என்பது சில நாளில் விளங்கும்.

நாட்களை எப்படிப் பிரிப்பது? கொழும்புக்கு என்று சில கட்டாயங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் நட்டுவிட்டால் மீதி தானாக விழும். வெள்ளிக்கிழமை பெரும்பாலான வீடுகளில் மரக்கறி. அதனால் அது தோசைக்கு. திங்கட்கிழமை மீன் வேண்டாம். நீர்கொழும்புக் கரையில் கத்தோலிக்க மீனவர்கள் பெரும்பாலும் ஞாயிறு கடலுக்கு இறங்குவதில்லை. திங்கள் கடையில் கிடப்பது அநேகமாக முதல் நாட்களின் மீன். அதனால் திங்கள் இடியப்பமும் சொதியும். புதனில் மீன் நல்லது, எனவே புதன் சோறு. செவ்வாய் விரதம் பிடிக்கிற வீடுகள் பல இருப்பதால் அது புட்டு. வியாழன் தேங்காய் ரொட்டி. ஞாயிறு மத்தியானம் எப்படியும் பெரிய சமையல் நடக்கும். இரவுக்கு அந்தக் கறியோடு பாண். முழுநிலாப் போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால் போயா ஞாயிற்றில் வருகிற மாதத்தில் கோழியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சனி இரவைத் திறந்து விடுங்கள். எஞ்சினதைக் கொத்தாகப் போடலாம், வெளியில் சாப்பிடலாம், யாராவது அழைத்தால் போகலாம். திறந்த நாள் ஒன்று இல்லாத திட்டம் எதுவும் ஒரு மாதம் தாண்டாது.

தேங்காய்க் கணக்கு

இந்தச் சுற்றில் கவனமாக எண்ண வேண்டிய ஒரே சாமான் தேங்காய். விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெயிலில் முதலில் பழுதாவது தேங்காய் சேர்ந்த சாப்பாடுதான். பால் விட்ட கறி, தேங்காய்ப்பூப் போட்ட சம்பல், வறை எல்லாம் விடியச் செய்து இரவு வரைக்கும் வெளியில் வைக்க முடியாதவை. புளி விட்ட குழம்போ எண்ணெய்ப் பிரட்டலோ தாங்குகிற நேரத்தில் பாதிகூடத் தாங்காது. ஆகவே விதி சுருக்கமானது. அடுப்பு வேலை விடிய, தேங்காய் வேலை இரவு.

நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் திருவினால் இரண்டரைக் கப் முதல் மூன்று கப் வரை பூ வரும். நாலு பேருக்கான கணக்கில் சொதிக்கு ஒன்றரைக் கப் பூ, சம்பலுக்கு ஒரு கப், ரொட்டிக்கு ஒரு கப், புட்டுக்கு ஒரு கப். கிழமைக்கு இரண்டு தேங்காயில் இரவுச் சாப்பாடு முடியும். மூன்றாவது தேங்காய் தேவைப்படுகிறது என்றால் ஒரே இரவில் சொதியும் சம்பலும் வறையும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒன்றை எடுத்துவிட்டு வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியை வையுங்கள்.

ஞாயிறு விடிய, சம்பலுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைத் திருவி, ஒவ்வொரு கப்பாகப் பையில் போட்டு, தட்டையாக அமத்தி, பிரீசரில் அடுக்கிவிடலாம். உருண்டையாகப் போட்டால் உருக அரை மணித்தியாலம் செல்லும். தட்டையாக இருந்தால் கைச்சூட்டுத் தண்ணீரில் பையோடு போட 10 நிமிடத்தில் உதிரும். உறைந்த பூவில் பால் நன்றாகவே வரும், புட்டுக்கும் ரொட்டிக்கும் பழுதில்லை. சம்பலுக்கு மட்டும் சரிவராது. உருகும்போது ஈரம் கசிந்து சம்பல் களியாகிவிடும். சம்பலுக்கு அன்றைக்குத் திருவிய பூவே வேண்டும்.

அவசரத்துக்குத் தேங்காய்ப் பால்மா இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி கரைத்தால் தடிப்பான பால். கொதிக்கும்போது திரைவதும் குறைவு. பெரும்பாலான பால்மாக்களில் மாட்டுப்பால் புரதம் சேர்த்திருப்பது அதற்கு ஒரு காரணம். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சொதி ஏன் திரைகிறது

திங்கள் இரவின் உயிர் சொதி. அது திரைந்தால் இடியப்பம் எவ்வளவு பஞ்சாக இருந்தும் பிரயோசனமில்லை. தேங்காய்ப்பாலில் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக நிற்கிறது. அந்தத் துளிகளை ஒட்டவிடாமல் பிடித்திருப்பது மெல்லிய புரதப் படலம். கடுமையாகக் கொதித்தால் அந்தப் புரதம் முட்டை வெள்ளைபோல இறுகிவிடும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கும், கீழே தண்ணீரும் திரளையும் மிஞ்சும். சூட்டோடு தேசிக்காய் விட்டாலும் இதே கதைதான்.

வெயில் காலத்துக்குச் சொதியை இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். விடிய 10 சின்ன வெங்காயம், 3 பச்சைமிளகாய், ஒரு துண்டு ரம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி வெந்தயம், உப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர். வெங்காயம் கண்ணாடிபோல ஆகும் வரை 8 நிமிடம் அவித்து, ஆறவைத்து பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவு வந்ததும் ஒன்றரைக் கப் பூவில் ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பால், பிறகு அரைக் கப் விட்டு இரண்டாம் பால். அவித்து வைத்ததை இரண்டாம் பாலோடு கொதிக்கவிட்டு, நெருப்பைக் குறைத்து, முதற்பாலை விட்டு அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நில்லுங்கள். கண்ணைச் சட்டியின் ஓரத்தில் வையுங்கள். ஓரத்தைச் சுற்றி வெள்ளை நுரை ஒரு நூல்போலக் கட்டும், நடுவில் பால் சற்று மேலே எழும்பி அசையும். அந்த நொடியில் இறக்க வேண்டும். நடுவிலும் குமிழ் வந்துவிட்டால் பிந்திவிட்டது. இறக்கி 5 நிமிடம் கழித்து, சட்டியின் வெளிப்பக்கத்தைக் கையால் தொடக்கூடியதாக இருக்கும்போது, அரைத் தேசிக்காயின் புளி. அடுப்பு எரிந்தது 7 நிமிடம்.

முதல் கிழமை வெறும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். இரண்டாம் கிழமை அதே சொதியில் ஒரு கைப்பிடி முருங்கையிலையைப் பால் விடுவதற்கு முன் போட்டுக்கொள்ளலாம், அல்லது விடிய அவித்து வைத்த முட்டையைப் பிளந்து கடைசியில் சேர்க்கலாம்.

இடியப்பத்தைக் கடையில் வாங்குவதா வீட்டில் அவிப்பதா என்று கேட்டால், இந்த மூன்று மாதமும் கடையில் வாங்குவதுதான் புத்தி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பின்னேரமானால் சூடாகக் கிடைக்கும். சின்னத் தொடர்மாடிக் குசினியில் 40 இடியப்பம் அவித்தால் ஒரு மணித்தியாலம் நீராவி எழும்பும். அந்த ஈரம் நடுச்சாமம் வரைக்கும் வீட்டை விட்டுப் போகாது. வாங்கி வந்ததும் பொலித்தீனிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பிவிடுங்கள். பையிலேயே விட்டால் வேர்த்து, அடியில் உள்ளவை பிசினாகி, இரவு 9 மணிக்கு நாற ஆரம்பிக்கும்.

செவ்வாய்ப் புட்டும் வியாழன் ரொட்டியும்

புட்டு சுலபம், ஆனால் அதற்கு முன்வேலை உண்டு. ஞாயிறு விடிய ஒரு கிலோ கோதுமை மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி 40 நிமிடம் அவித்து, சுடச்சுட அரித்து, நன்றாக ஆறியபின் போத்தலில் அடைத்துவிட்டால் இரண்டு கிழமைப் புட்டுக்கும் தாராளமாகப் போதும். ஆறவிட்டு அரிக்க நினைத்தால் மா கல்லுக்கட்டியாகிவிடும், பிறகு இடித்துத்தான் அரிக்க வேண்டும். வறுத்த சிவப்பரிசி மா 2 கப், இந்த அவித்த மா 1 கப், உப்பு, கொதித்து இறக்கிய தண்ணீர் ஏறத்தாழ ஒன்றேகால் கப். தண்ணீரை ஒரே தரம் கொட்டாமல் அகப்பைக் காம்பால் கிளறிக்கொண்டு விட்டு, பேணி விளிம்பால் கொத்தி, ஒரு கப் பூவோடு நீத்துப்பெட்டியில் 12 நிமிடம். மா கையில் பிடித்தால் பிடியாக நிற்கவும் விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். புட்டுக் கட்டியாக வருகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது. தொண்டையில் அடைக்கிறது என்றால் தண்ணீர் குறைவு, அல்லது கொதி ஆறிய தண்ணீர்.

வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அரிசி மாவில் ஒரு கப்பைக் குறைத்து வறுத்த குரக்கன் மா சேருங்கள். குரக்கன் தண்ணீரை மெல்ல இழுக்கும். குழைத்து 10 நிமிடம் மூடி வைத்துவிட்டுக் கொத்த வேண்டும்.

துணைக்கு முதல் கிழமை கத்தரிக்காய்க் குழம்பு, பால் விடாமல், விடிய வைத்தது. இரண்டாம் கிழமை கறியே வேண்டாம். புட்டு, தயிர், பழம். மார்ச் ஏப்ரலில் கதலி, கோழிக்கூடு வாழைப்பழம். மே பிறந்து யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரத் தொடங்கியதும் அதைத் தோல் சீவி, புட்டோடு பிசைந்து சாப்பிடுவதற்கு ஈடாக வெயில் காலத்தில் வேறொரு இரவுச் சாப்பாடு இல்லை. அந்த இரவில் அடுப்பு எரிவது புட்டுக்கு மட்டும்.

ரொட்டிக்குச் சொல்ல அதிகமில்லை. மா 2 கப், பூ 1 கப், முக்கால் தேக்கரண்டி உப்பு, தண்ணீர் அரைக் கப்பும் கொஞ்சமும். குழைத்து 20 நிமிடம் மூடி வைத்தால் மெதுவாக வரும். 8 உருண்டை, கனமான தாச்சியில் நடுத்தர நெருப்பில் ஒரு பக்கம் 3 நிமிடம். நெருப்பு கூடினால் வெளி கருகி உள்ளே பச்சை மா. ஒன்றொன்றாகச் சுட்டால் முக்கால் மணித்தியாலம் போய்விடும். இரண்டு அடுப்பிலும் தாச்சி வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு போட்டால் 12 நிமிடத்தில் முடியும். முதல் கிழமை பருப்பு, விடிய மைசூர்ப் பருப்பைத் தண்ணீரில் அவித்து வைத்தது. ரொட்டி சுடமுன் பால் விட்டுச் சூடாக்கித் தாளிக்க 6 நிமிடம். இரண்டாம் கிழமை கட்டச் சம்பலும் வெள்ளரிக்காயும்.

புதன் மீன்

இந்தச் சுற்றிலேயே ஆபத்து இருக்கிற நாள் புதன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல் வரை கடல் அமைதி. மீன் தாராளம், விலையும் இறங்கியிருக்கும். சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை எல்லாம் நல்ல மீன். ஆனால் இந்த வகைகளின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற பொருள் அதிகம். மீன் வெக்கையில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உருவான ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்து அரிக்கும். நாக்கில் மிளகு கடித்ததுபோலச் சுணைத்தால் அந்தத் துண்டைத் துப்பிவிட்டுச் சட்டியோடு கொட்டுங்கள். வாங்கிய மீனை வேலைத்தலத்தில் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு பின்னேரம் கொண்டுவருவது இந்த மாதங்களில் செய்யவே கூடாத காரியம். செவ்வாய் பின்னேரம் வாங்கினால் ஐஸ் போட்டுக் கேட்டு, நேரே வீட்டுக்கு வந்து, கழுவி பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். புதன் விடியச் சமைத்துவிடுங்கள்.

நாலைந்து பேருக்கு 750 கிராம் மீன். பழப்புளி ஒரு தேசிக்காய் அளவு, ஒன்றரைக் கப் தண்ணீரில் கரைத்தது. எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், 8 பல் உள்ளி, ஒரு கைப்பிடி வெங்காயம், கறிவேப்பிலை வதங்கியதும் புளிக்கரைசல், இரண்டரை மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூள், உப்பு. 10 நிமிடம் கொதித்துத் தூளின் பச்சை வாசம் போனபிறகுதான் மீன். அதன்பிறகு 8 நிமிடம். அகப்பை போடாமல் சட்டியை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள், துண்டு உடையாது. உறைப்புத் தாங்காத பிள்ளைக்குத் தூள் போடமுன் ஒரு கரண்டி புளிக்கரைசலும் இரண்டு துண்டு மீனும் தனியாக எடுத்து, மஞ்சளும் மிளகும் போட்டு வேகவிடலாம்.

பால் விடாதீர்கள். புளிப்பு மிகுந்த, பால் சேராத குழம்பு இரவு வரைக்கும் ருசி கூடிக்கொண்டே போகும். ஆனால் மண்சட்டியில் அடுப்பு மேலேயே கிடக்கட்டும் என்று விடவும் கூடாது. சமைத்த சாப்பாடு வெளியில் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வது 2 மணித்தியாலம். 32 பாகைக்கு மேல் சூடு ஏறினால் அது 1 மணித்தியாலம். ஏப்ரல் மாதத்துக் கொழும்புக் குசினி அந்த இரண்டாம் கணக்கில்தான் வரும். குழம்பைத் தட்டையான பாத்திரத்துக்கு மாற்றி, பாத்திரத்தைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்தால் 20 நிமிடத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். வேலைக்குப் புறப்படமுன் பிரிட்ஜுக்குள் போகலாம்.

சோற்றை இரவிலேயே ரைஸ் குக்கரில் போடுங்கள். அது அடுப்புக் கணக்கில் சேராது. மத்தியானம் வடித்து வெறும் மூடியோடு கிடந்த சோற்றை இரவு சூடாக்கிச் சாப்பிடுவதும் கூடாது. வேகும்போது சாகாத கிருமி வித்துகள் சோற்றில் உண்டு. அவை இளஞ்சூட்டில் முளைத்து விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தி வந்தபிறகு மீனைத்தான் எல்லாரும் பழி சொல்வார்கள். பல தடவை குற்றவாளி சோறு.

துணைக்கு வல்லாரைச் சம்பல் ஒரு புதன், அடுத்த புதன் பயற்றங்காய் வறை. வல்லாரையை விடியக் கழுவி நீர் வடித்து வைக்கலாம், அரிவது இரவில்தான். உப்பும் தேசிக்காயும் சேர்ந்த 15 நிமிடத்தில் தண்ணீர் விட்டுத் தொய்ந்துவிடும். இரண்டாம் கிழமை நல்ல மீன் கிடைக்காவிட்டால் 425 கிராம் ரின்மீன் ஒன்றை வடித்து இதே புளிக்குழம்பில் போடலாம். அதற்கு 5 நிமிடக் கொதி போதும்.

வெள்ளித் தோசை, வெயிலில் புளிக்கிற மா

டிசம்பரில் 10 மணித்தியாலம் எடுக்கிற தோசைமா ஏப்ரலில் 6, 7 மணித்தியாலத்தில் பொங்கிவிடும். இதை மறந்து பழைய நேரக்கணக்கில் வைப்பதுதான் கிழமைதோறும் புளித்துப்போவதற்குக் காரணம். வியாழன் பின்னேரம் 4 மணிக்கு வீட்டில் இருக்கிறவர் ஒரு கப் உளுந்தும் அரைத் தேக்கரண்டி வெந்தயமும், வேறாக 3 கப் அரிசியும் ஊறப்போட வேண்டும். பகலில் யாரும் இல்லாவிட்டால் விடிய ஊறப்போட்டு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியில் 12 மணித்தியாலம் ஊறிய உளுந்து அரைக்கமுன்னமே நாறும். இரவு 10 மணிக்கு அரைப்பு. பிளெண்டரில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் விடுங்கள். மோட்டார்ச் சூட்டில் மா வெதுவெதுப்பானால் இரண்டு மணித்தியாலம் முந்தியே புளித்துவிடும். உப்பை அப்போது போட வேண்டாம், சுடமுன் போடலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மா நிற்கக்கூடாது.

விடிய 5 மணிக்கு மா இரட்டித்து, மேலே தேன்கூடுபோலக் கண் விட்டிருக்கும். கலக்காமல் அப்படியே பிரிட்ஜுக்குள். பின்னேரம் வரைக்கும் வெளியில் விட்டால் கள்ளு வாசம் அடிக்கும். அந்த நிலைக்குப் போனதில் சீனி போட்டால் புளிப்பு மறையுமே தவிரக் குறையாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் நிறையப் போட்டுத் தடித்த ஊத்தப்பமாகச் சுட்டு முடிப்பதுதான் வழி. துணைக்கு ஒரு வெள்ளி தாளித்த தேங்காய்ச் சம்பல், அடுத்த வெள்ளி விடிய வைத்த சாம்பார். தோசைக்கல்லுக்கு முன்னால் ஒருவரே நிற்கக்கூடாது. இரண்டு பேர் மாறி மாறி, ஆளுக்கு 10 நிமிடம்.

சனியும் புத்தாண்டுக் கிழமையும்

சனியில் எஞ்சிய இடியப்பத்தையோ ரொட்டியையோ கொத்தாகப் போடலாம் என்று சொன்னேன். அதற்குத் திங்கள் இரவே மிச்ச இடியப்பத்தை உதிர்த்து பிரீசரில் போட்டிருக்க வேண்டும். ஐந்து நாள் பிரிட்ஜில் கிடந்தது வேண்டாம். 2 முட்டை, லீக்ஸ், கரட், ஒரு கரண்டி பழைய குழம்பு, பெரிய தாச்சியில் 8 நிமிடம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கொழும்பு வெறுமையாகிவிடும். பேலியகொடைச் சந்தையும் ஒழுங்கை முனை மரக்கறிக் கடையும் இடியப்பக் கடையும் பூட்டு. பாண் கிடைத்தாலும் அதிர்ஷ்டம். ஏப்ரல் 10க்கு முன் வாங்கி வைக்க வேண்டியவை: பூசணிக்காய் ஒன்று, உருளைக்கிழங்கு 2 கிலோ, மைசூர்ப் பருப்பு 1 கிலோ, முட்டை 20, நெத்தலிக் கருவாடு 250 கிராம், ரின்மீன் 2, தேங்காய் உடைக்காமல் 4, தயிர்ச்சட்டி ஒன்று. அந்தக் கிழமை சுற்றைக் கைவிட்டு, இருக்கிறதைச் சமையுங்கள். அடுத்த திங்கள் இடியப்பத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

இரவில் கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். பூட்டியபடி இருந்தால் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் நிற்கும். அதைத் தாண்டினால் பால் சேர்ந்தவற்றையும் மீனையும் கொட்டிவிடுவதைத் தவிர வழியில்லை. புளித்த மா மட்டும் பிழைக்கும்.

மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கியதும் இந்தக் கணக்கு மாறும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், கரையோரப் படகுகள் குறையும், புதன் மீன் விலை ஏறும். அப்போது திருகோணமலைப் பக்கத்து மீன் கொழும்புக்கு வரும். கடைக்காரரிடம் எந்தக் கரை மீன், எப்போது வந்தது என்று கேட்டு வாங்குங்கள், அல்லது அந்தப் புதன்களை முட்டைக் குழம்புக்குக் கொடுங்கள். குசினிச் சன்னலால் பின்னேரமும் காற்று வரத் தொடங்கியிருக்கும். இடியப்ப உரலை எடுத்துக் கழுவி, திங்களில் வீட்டிலேயே அவிக்கத் தொடங்கலாம். தோசைமாவுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக் கொடுங்கள்.